சடச்சி வீட்டுக்குப் பல்லி வந்த கதை

அந்தக் காலத்தில் மனிதனின் வீட்டுக்குக் கதவு இருந்தது. ஆனால் வேம்பு பூத்துவிட்டால் அதைச் சாத்துகிற உரிமை அவனுக்கு இல்லை.

எறும்பும் ஈயும் வண்டும் கரையானும் மனிதனோடு நேருக்கு நேர் நின்று பேசிய காலம் அது. மழைக்கு ஒதுங்கிக்கொள்ள ஒரு வீடு வேண்டுமென்று மனிதன் முதன்முதலாகக் கிளம்பியபோது, சுவருக்குக் கரையான் புற்றை வெட்டி மண் எடுத்தான். கூரைக்கு வெட்டுக்கிளி குடியிருந்த புல்லை அறுத்தான். விட்டத்துக்கு வண்டு குடைந்து வாழ்ந்த மரத்தைச் சாய்த்தான். பூச்சிகளெல்லாம் கூட்டமாக வந்து வழிமறித்தன. "எங்க வீட்டைப் பிரிச்சு உன் வீட்டைக் கட்டுறியே, நாங்க எங்கே போறது?" என்று கேட்டன. பேசிப் பேசி, கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மழையிலும் பனியிலும் வீடு மனிதனுக்கு. பங்குனியில் வேம்பு பூத்ததும் அவன் வெளியேறிவிட வேண்டும். பூச்சிகள் முட்டை பொரித்துப் பெருகுகிற பருவம் அது. கோடை மழை விழுந்து மண் நனைகிற வரைக்கும் வீடு பூச்சிகளுக்கு.

அதனால் வருஷா வருஷம் வேனில் பிறந்தால் போதும், ஜனங்கள் சட்டி பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆற்று மணலுக்குப் போய்விடுவார்கள். நாலு குச்சியை நட்டு, மேலே ஓலையைப் போட்டு, அதன் கீழே வெயிலில் வெந்துகொண்டு கிடப்பார்கள். மழை பெய்ததும் திரும்பி வந்து, சுவரில் ஏறிய புற்றை இடித்து, அரித்துப்போன கூரையை மாற்றி, மறுபடி குடியிருப்பார்கள். அதுதான் வழக்கம் என்று யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மலையடிவாரத்தில் நொச்சியோடை என்ற ஊரில் சடச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பெயர் மொக்கையன். ஆடு மேய்க்கிறவன், அதிர்ந்து பேசாதவன். முந்தின வருஷம் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை இருந்தது. தவழக்கூட ஆரம்பிக்காத பிள்ளை. ஊரோடு சேர்ந்து அதையும் ஆற்று மணலுக்குத் தூக்கிப் போனார்கள். ஓலைக்குக் கீழே அனல் அடித்தது. பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. சடச்சி ஊற்று தோண்டித் துணியை நனைத்து நனைத்துப் போட்டாள். போட்ட துணி அவள் கண்ணெதிரே காய்ந்தது. பிள்ளை தங்கவில்லை. ஊற்று தோண்டிய அதே மணலில் அதற்கும் ஒரு குழி தோண்ட வேண்டியதாயிற்று.

இந்த வருஷம் மாசிக் கடைசியில் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது.

பிள்ளை பெற்றவள் படுத்துக் கிடக்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் வாசலுக்கு வந்தாள், வாசலுக்கு வந்தால் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தாள். காற்றில் பழுத்த இலை ஒன்று உதிர்ந்தாலும் பூவோ என்று குனிந்து எடுத்துப் பார்த்தாள். கொழுந்து சிவந்து துளிர்த்தபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் மொக்கையன் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து பார்க்கிறான், அவள் மரத்தின் தாழ்ந்த கிளையைப் பிடித்து வளைத்து, மொட்டு மொட்டாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"இந்தா புள்ள, என்ன பண்ணுற?"

"மொட்டு இருந்தாத்தானே பூக்கும்?" என்றாள் சடச்சி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மொக்கையன் மேலே பார்த்தான். எட்டாத கிளைகளெல்லாம் மொட்டாய் நின்றன. அவன் ஆடுகளை அடைக்கப் போனான். அவனுக்கு மட்டும் மறந்தா போயிருந்தது?

எட்டாத கிளைகள் ஒருநாள் விடியற்காலையில் பூத்தன. ஊரே மணத்தது. அக்கம்பக்கத்தில் பானைகளைக் கட்டுகிற சத்தம் கேட்டது. சடச்சி வீட்டு வாசலுக்குச் செவ்வெறும்புகளின் நாட்டாமைக்காரி வந்தாள். ஆள் சின்னவள்தான், ஆனால் அவளுக்குப் பின்னால் நின்ற வரிசை மரத்தைச் சுற்றிப்போய் ஓடைக்கரையில் முடிந்தது.

"பூ பூத்தாச்சு தாயி," என்றாள். "எப்பக் கெளம்புறீங்க?"

"நாங்க போகலை," என்றாள் சடச்சி.

நாட்டாமைக்காரிக்குக் காதில் சரியாக விழவில்லை போல. "என்ன சொன்னே?"

"பச்சைப் பிள்ளை வச்சிருக்கேன். போன வருஷம் ஒண்ணை மணலுக்குக் குடுத்துட்டேன். இதைக் குடுக்க மாட்டேன். இந்த ஒரு வருஷம் விட்டுருங்க."

"எங்க வீட்டிலேயும் பச்சைப் பிள்ளைகதான்," என்றாள் நாட்டாமைக்காரி. குரலில் கோபம் இல்லை. "முட்டையைத் தூக்கிக்கிட்டு வெயில்ல நிக்குறோம். உங்க பாட்டன் குடுத்த வாக்கு. உனக்கு ஒரு வருஷம் விட்டா நாளைக்கு ஊரே கேக்கும். வழியை விடு."

சடச்சி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அந்த ஊரில் பங்குனி மாதத்தில் ஒரு கதவைச் சாத்தியது அன்றைக்குத்தான் முதல் தடவை. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பானை கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு, இன்னும் வேகமாகக் கட்டினார்கள்.

ஊர் காலியானது. நொச்சியோடையில் அந்த ஒரு வீட்டில் மட்டும் அடுப்பு புகைந்தது.

அதன் பிறகு சடச்சிக்கு உட்கார நேரமில்லை. நிலைப்படியில் மஞ்சளைக் கரைத்து ஊற்றினாள். எறும்புகள் ஒரு துரும்பை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறிக் கடந்தன. நொச்சித் தழையைப் போட்டுப் புகை மூட்டினாள். கொசு போயிற்று, ஆனால் பிள்ளை மூச்சு முட்டி இருமியது. புகையை அணைத்தாள், கொசு வந்தது. தரையைச் சாணம் போட்டு மெழுகினாள். ஈரம் காய்வதற்குள் ஈ மொய்த்தது. சுவர் விரிசலைக் களிமண்ணால் அடைத்தாள். அடைத்த மண்ணைக் கரையான் தின்றுகொண்டே வெளியே வந்தது. கூரையிலிருந்து வண்டு உதிர்ந்தது. பானைக்கு அடியில் கரப்பான் ஓடியது. தூளியில் கிடந்த பிள்ளை மேல் அவள் முந்தானையை விசிறிக்கொண்டே இருந்தாள். கை ஓய்ந்து நின்றால், அந்த நேரத்துக்குப் பிள்ளையின் கன்னத்தில் ஒரு தடிப்பு விழுந்திருக்கும்.

"போயிருவோம் புள்ள," என்றான் மொக்கையன். "நாம தோத்துட்டோம்."

"நீங்க போங்க."

அவன் போகவில்லை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மூலை மூலையாகப் பெருக்கினான். பெருக்கித் தள்ளியது அவனுக்கு முன்னால் திரும்பி வந்தது.

அந்த நாளில் பல்லிகள் காட்டில்தான் இருந்தன. வீட்டுச் சுவர் என்றால் என்னவென்றே அவற்றுக்குத் தெரியாது. எல்லாப் பிராணிகளையும் போலப் பல்லிக்கும் வாய் நிறையப் பேச்சு இருந்தது. அதைவிடப் பெரிதாக வால் இருந்தது. கிளையை இரண்டு சுற்றுச் சுற்றி மீதமும் தொங்குகிற அழகான வால். அந்த வாலைப் பற்றிப் பல்லிக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. பல்லியை மனிதர்களுக்குப் பிடிக்காது. கண்ட இடத்தில் கல்லை எடுப்பார்கள்.

ஒரு நாள் மாலை சடச்சி தண்ணீர் எடுக்க வாசலுக்கு வந்தபோது, வேப்பமரத்தில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது. பூவில் மொய்த்த விட்டில் ஒன்று பக்கத்தில் வந்தது. நாக்கு போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை, விட்டிலைக் காணோம். அடுத்தது வந்தது. அதையும் காணோம்.

சடச்சி குடத்தைக் கீழே வைத்தாள்.

"மதினி," என்று கூப்பிட்டாள்.

பல்லி திரும்பிப் பார்த்தது. மனித ஜாதியில் ஒருத்தியும் அதுவரை அதை உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என்னையா?" என்றது.

"உன்னைத்தான் மதினி. என் வீட்டுக்கு வர்றியா?"

"வந்தா அடிப்பீங்க."

"அடிக்க மாட்டோம்."

"உன் கை அடிக்காது. உன் புருஷன் கை?"

"அவரு கையையும் நான் புடிச்சுக்கிறேன்," என்றாள் சடச்சி. அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். உள்ளே பிள்ளை வீரிட்டது. அவள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

பல்லி அவள் ஓடிய கதவைப் பார்த்தது. வீட்டுக்குள்ளே விளையாடுகிற இரையின் வாசனை வேறு அதன் மூக்கில் ஏறியது. அது மரத்தை விட்டு இறங்கி, முற்றத்தைக் கடந்து, கதவிடுக்கில் நுழைந்து, சுவரில் ஏறியது.

அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டுக்குள் சத்தம் மாறியது. கொசுவின் ரீங்காரம் குறைந்தது. விட்டில் விளக்கைச் சுற்றவில்லை. "மதினி, அந்த மூலை!" என்பாள் சடச்சி. "பாத்துட்டேன், பாத்துட்டேன், நீ கத்தாதே, பிள்ளை முழிச்சுக்கும்," என்று சுவரிலிருந்து பதில் வரும். மொக்கையனுக்கு மட்டும் உடம்பு கூசியது. அது தலைக்கு மேலே ஓடும்போதெல்லாம் தோளைக் குறுக்கிக்கொண்டான். "எப்ப மேல விழுமோன்னு இருக்கு," என்றான். "விழுந்தா உங்களைத் தின்னுடவா போகுது?" என்றாள் சடச்சி. அவள் சிரித்து வெகு நாளாகியிருந்தது. அப்போதும் பாதிச் சிரிப்புத்தான். அன்றைக்கு வாசலில் வந்து நின்ற செவ்வெறும்புகளை இப்போது ஏன் காணவில்லை என்று அவள் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பல்லிக்கும் அதே கவலைதான். "ஒண்ணு ரெண்டு வந்தா நான் பாத்துக்குவேன். மொத்தமா வந்தா என் ஒரு வாய் போதாது. கயித்துக்கு எண்ணெய் தடவி வை."

தூளி கட்டிய கயிற்றில் சடச்சி காலையும் மாலையும் வேப்பெண்ணெய் தடவினாள். ஆனால் பங்குனி போய்ச் சித்திரை வந்திருந்தது. உச்சி வெயிலில் கூரைக்குள்ளே அனல் இறங்கிக் கயிற்றில் எண்ணெய் காய்ந்தது. அதற்காகத்தான் நாட்டாமைக்காரி கூரைப் புல்லுக்குள் ஒளிந்து, தன் படையோடு காத்திருந்தாள்.

ஒரு மத்தியானம். காற்றில்லை. மொக்கையன் வாசலில் கதவடியைப் பெருக்கிக்கொண்டிருந்தான். சடச்சி அடுப்படியில் எண்ணெய்ச் சட்டியைத் துழாவினாள், காலியாக இருந்தது. பிள்ளை தூளியில் தூங்கியது. விட்டத்தின் மேல் சிவப்பாக ஒரு கோடு ஓடியது. கோடு தடித்தது. தூளிக் கயிற்றில் திரும்பி, கீழே இறங்கத் தொடங்கியது.

பல்லி எதிர்ச் சுவரிலிருந்து பார்த்தது. கத்தவில்லை, கத்தினால் நேரம் போய்விடும். சுவரிலிருந்து விட்டத்துக்கு ஓடி, அங்கிருந்து எறும்புகளுக்கு முன்னால் கயிற்றில் பாய்ந்து இறங்கி, திரும்பித் தலையை மேலே வைத்துக்கொண்டு, வாலால் கயிற்றைச் சுற்றி இறுக்கிப் பிடித்தது. முதலில் வந்தவள் நாட்டாமைக்காரி.

"வழியை விடு பல்லி," என்றாள். "இது உன் சண்டை இல்லை."

"கீழே கிடக்கிறது பச்சைப் பிள்ளை. அது உனக்கு என்ன பண்ணிச்சு?"

"அது கிடக்கிற வரைக்கும் இவ போக மாட்டா," என்றாள் நாட்டாமைக்காரி. சொல்லிக்கொண்டே கயிற்றில் இறங்கி வந்தாள்.

பல்லி நாக்கை நீட்டி அவளை விழுங்கியது. விழுங்கும்போது அவள் சும்மா போகவில்லை. நாக்கின் அடியைக் கவ்வி, தன்னிடம் இருந்த விஷம் அத்தனையையும் அங்கே இறக்கிவிட்டுத்தான் தொண்டையில் இறங்கினாள். பல்லியின் வாய்க்குள் நெருப்பு வைத்தது போல எரிந்தது. "சடச்சீ" என்று கூப்பிட வாயைத் திறந்தது. பெயர் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

தலைவி போனதும் படை குழம்பியது; ஆனால் நிற்கவில்லை. பின்னால் வந்தவை முன்னால் நின்றவற்றைத் தள்ளின. பல்லியின் முகத்தில் ஏறி, முதுகைக் கடந்து, கயிற்றைச் சுற்றியிருந்த வாலில் வந்து அடைத்தன. வாலைத் தாண்டினால் தூளி. வாலைத் தாண்ட முடியாமல் வாலையே கடித்தன. சிறிது நேரத்தில் வால் தெரியவில்லை. அதற்குப் பதில் சிவப்பாக ஒரு சுருள் கொதித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மொக்கையன் உள்ளே வந்தான். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு எறும்பு தெரியவில்லை. பிள்ளையின் முகத்துக்கு நேர் மேலே, வாயைப் பிளந்துகொண்டு தொங்குகிற பல்லிதான் தெரிந்தது. விளக்குமாற்றை ஓங்கினான்.

சடச்சி திரும்பினாள். அவளுக்கும் முதலில் பல்லிதான் தெரிந்தது. பிளந்த வாய், அதற்குக் கீழே தன் பிள்ளை. ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. மணலில் ஒன்றைப் புதைத்தவளுக்கு யாரைத்தான் நம்பத் தோன்றும்? அடிக்கட்டும் என்று விட்டுவிட்டால் யாரும் அவளைக் குறை சொல்லப் போவதில்லை. பல்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கூப்பிட முயன்று முயன்று, வராத குரலோடு பார்த்துக்கொண்டிருந்தது.

சடச்சி பாய்ந்து புருஷன் கையைப் பிடித்தாள். "அடிக்காதீங்க! அதை அடிக்காதீங்க!"

பல்லி தன் வாலைத் திரும்பிப் பார்த்தது. பிறகு உடம்பு முழுவதையும் ஒரு தரம் இறுக்கி, வாலை விட்டது.

யாரும் அதுவரை கண்டதில்லை, ஒரு பிராணி தன் உடம்பில் ஒரு பகுதியைத் தானாகக் கழற்றிப் போடுவதை. வால் கயிற்றிலிருந்து அவிழ்ந்து, தூளியின் ஓரத்தில் பட்டு, தரையில் விழுந்தது. விழுந்தது சும்மா கிடக்கவில்லை. துள்ளியது. சுருண்டது. நெளிந்து நெளிந்து வாசல் பக்கமாய் ஓடியது.

"பல்லி விழுந்துட்டா! ஓடுறா, புடி!" என்று எறும்புகள் கூச்சலிட்டன. இல்லை, நில்லுங்கள் என்று சொல்லத் தலைவி இல்லை. கயிற்றில் இருந்தவை, விட்டத்தில் இருந்தவை எல்லாம் மழை கொட்டுகிறாற்போலத் தரையில் குதித்து வாலைத் துரத்தின. சடச்சி தூளிக்குள் கையை விட்டுப் பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்தாள். மொக்கையன், பல்லிக்கு ஓங்கிய அதே விளக்குமாற்றால், எறும்புகளையும் வாலையும் ஒன்றாகச் சேர்த்து வாசலுக்கு வெளியே பெருக்கித் தள்ளிக் கதவைச் சாத்தினான். வெளியே வால் துடித்துக்கொண்டிருக்க, வெற்றி கிடைத்துவிட்டதென்று எறும்புகள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் போய்விட்டன.

பிள்ளைக்குப் பாதத்தில் ஒரே ஒரு கடி. வீரிட்டு அழுதது. அந்த அழுகை கேட்க நன்றாக இருந்தது.

சடச்சி நிமிர்ந்து பார்த்தாள். கயிறு வெறுமையாக இருந்தது.

"மதினி?" என்றாள்.

மொக்கையன் பானைகளை நகர்த்திப் பார்த்தான். கூரையில் கை விட்டுத் துழாவினான். கண்ட இடத்தில் அடிக்கத் துணிந்த மனிதன், அன்று அதைத் தேடி மூலைமூலையாகத் தவழ்ந்தான். "நான் அடிச்சிருப்பேனே புள்ள," என்று அவன் வாய் ஓயாமல் முணுமுணுத்தது. "நீ புடிக்கலேன்னா அடிச்சிருப்பேனே."

சடச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். பால் குடித்துக் குடித்துப் பிள்ளை தூங்கிப்போயிற்று. அவள் கண் மட்டும் சுவரை விட்டு நகரவில்லை. செத்துப்போயிருந்தால் விழுந்த சத்தம் கேட்டிருக்கும். உயிரோடு இருந்தால் பேசியிருக்கும். பேசாமலும் விழாமலும் எங்கே போனது? வெயில் தாழ்ந்தது. மொக்கையன் தேடுவதை விட்டுவிட்டு நிலைப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

விட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"ச்சு. ச்சு. ச்சு."

சடச்சி நிமிர்ந்தாள். அண்ணாந்து பார்த்தாள். இடுக்கில் இரண்டு கண்கள் தெரிந்தன. வாலிருந்த இடம் மொட்டையாக இருந்தது. பல்லி மறுபடி வாயைத் திறந்தது. பேச்செல்லாம் எரிந்துபோய் மிச்சமிருந்தது அந்த ஒரு சத்தம்தான்.

"ச்சு. ச்சு."

நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அது சொல்வது சடச்சிக்குப் புரிந்தது. மதினி என்று கத்த வேண்டும் போலிருந்தது. மடியில் பிள்ளை அப்போதுதான் அயர்ந்திருந்தது. வாயைத் திறந்தால் அழுகையாகத்தான் வரும், அது பிள்ளையை எழுப்பிவிடும். அவள் ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு, மறு கையின் விரலை மடக்கி, தரையில் மெதுவாகத் தட்டினாள்.

டொக். டொக்.

நானும் இங்கேதான் இருக்கிறேன்.

அதன் பிறகு அந்தக் கோடை முழுவதும் இருவருக்கும் அதுதான் பேச்சு. சடச்சி அரைத்துக்கொண்டிருப்பாள், இல்லை மொக்கையனோடு ஏதாவது வழக்காடிக்கொண்டிருப்பாள். சுவரிலிருந்து சத்தம் வரும். சட்டென்று வாயை மூடிக்கொண்டு தரையைத் தட்டுவாள். ஏதும் சத்தம் வராமல் வெகு நேரம் போனால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. தானே முதலில் தட்டிப் பார்ப்பாள். பல்லிக்கு வால் திரும்ப முளைத்தது. பழைய நீளம் இல்லை, பழைய அழகும் இல்லை. ஆனாலும் வால்தான். விட்டத்தையொட்டிச் சுவரில் மொக்கையன் ஒரு சின்ன இடுக்கை மெழுகாமல் விட்டுவைத்தான். பல்லி அதில் முட்டையிட்டது. பொரித்த குஞ்சுகளுக்கும் பேச்சு வரவில்லை; தாயின் அந்தச் சத்தம் மட்டும் வந்தது. கழற்றிப் போட்டால் துள்ளுகிற வாலும் வந்தது.

மழை விழுந்து ஜனங்கள் மணலிலிருந்து திரும்பினார்கள். தங்கள் வீடுகளில் புற்று இடுப்பளவு ஏறியிருந்தது. சடச்சி வீட்டுச் சுவர் சுத்தமாக இருந்தது. வாசலில் அவள் மடியில் பெண் பிள்ளை கை காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, அந்தக் குழந்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அவர்களில் பலரும் மணலில் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு வந்தவர்கள். சடச்சி சுவரைக் காட்டினாள். அவள் கேட்டுக்கொள்ள, குஞ்சுகள் வீட்டுக்கு ஒன்றாகப் பிரிந்து போயின. "அடிச்சிடாதீங்க," என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லி அனுப்பினாள். "அது கூப்பிட்டா, கேட்டுச்சுன்னு சொல்லுங்க."

அடுத்த பங்குனியில் வேம்பு பூத்தபோது நொச்சியோடையில் ஒருவரும் பானை கட்டவில்லை.

அன்று முதல்தான், வேனில் வந்து பூச்சி பெருகினாலும் நாம் வீட்டை விட்டுப் போவதில்லை; பல்லியும் நம் சுவரை விட்டுப் போவதில்லை. எந்தப் பேச்சின் நடுவில் அது "ச்சு" என்றாலும், நாம் பேச்சை நிறுத்தித் தரையில் விரலால் தட்டுகிறோம்.